மாலை போட்ட ஃப்ரேம்

இன்றைக்கும் ஒரு வீடியோவை யாருக்காவது அனுப்புவதென்றால் முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். அனுப்பிய பிறகும் ஒரு மணி நேரம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இத்தனை பரீட்சைப் பயம் எதற்கு என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். பத்து வயதில் நான் செய்தது எனக்கு மறக்கவில்லை.

அப்போது திருவொற்றியூரில் இருந்தோம். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டினார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். கானா பாடுவார். கல்யாணத்திலும் பாடுவார்தான், ஆனால் அதிகம் கூப்பிட்டது சாவு வீடுகளில். இறந்தவர் பேரையும் அவர் செய்த நல்லதையும் கோத்து அவர் பாட ஆரம்பித்தால், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட வந்து அழுவான். அப்பாவுக்கு இது பிடிக்காது. ஒருநாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே முடிவாகச் சொன்னார்.

"இந்த வூட்டுல சாவுப் பாட்டு இன்னொரு தபா கேட்டுச்சுன்னு வெச்சுக்கோ, பொட்டியத் தூக்கிகினு கெளம்பிடு."

அந்த வாரமே, அப்பா லாரியில் போயிருந்த நேரம், சித்தப்பா காலித் தண்ணீர் ட்ரம்மைக் கவிழ்த்துத் தட்டிப் புதுப் பாட்டு கட்டினார். பாடிப் பழக ஒரு பேர் வேண்டுமே. வாயில் முதலில் வந்த அண்ணன் பேரையே போட்டுப் பாடினார். நான் அம்மாவின் போனில் பதிந்துகொண்டேன்.

"உன் சொக்காவப் போட்டுகினு இஸ்கூலுக்குப் போனேன்,
என்ன வுட்டுப் போயிட்டியே, நான் இன்னா ஆனேன்."

எனக்குத் தாளம் பிடித்தது. அப்பா பேர் வருவது அதைவிடப் பிடித்தது. இவ்வளவு நல்ல பாட்டை நான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதா என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா வேலை முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா ராயபுரத்தில் பாடப் போயிருந்தார். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போனாள். பாட்டுக்கு மேலே அப்பாவின் போட்டோவை ஒட்டினேன். சுற்றிலும் ஃப்ரேம் போட ஒரு ஆப் இருந்தது. இதயம், பலூன், நட்சத்திரம் எல்லாம் பார்த்து, கடைசியில் மாலையும் கீழே இரண்டு விளக்கும் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் பார்க்க லட்சணமாக இருந்தது. குடும்ப குரூப்பில் அனுப்பினேன். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

அழும் முகங்கள் வரிசையாக வந்தன. பாட்டு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூப்பிட்டவர்களின் அழைப்பையெல்லாம் துண்டித்தேன். எத்தனை முகம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்தால் எப்படி?

ஒரு மணி நேரத்தில் வியாசர்பாடி அத்தை, அப்பாவின் அக்கா, ஆளுயர மாலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். பின்னாலேயே இன்னும் இரண்டு ஆட்டோ. அத்தை தெருவிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டு அப்பா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இன்னாக்கா, மாலையும் கையுமா வந்துகீற? யாரு பூட்டாங்க?"

அத்தை அழுகையை நிறுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான்டா."

பிறகு மாலையாலேயே அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினார். பூ தெரு முழுக்கச் சிதறியது. யாரோ போனை அப்பாவிடம் நீட்டினார்கள். பாட்டு ஓடியது. சித்தப்பாவின் பெட்டிதான் என் கண் முன்னால் வந்தது. அதை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு வந்தேன். அதற்குள் அப்பா இரண்டாவது முறை கேட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த சித்தப்பா தெருமுனையிலேயே நின்றுவிட்டார். அப்பா கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீயா கட்ன?"

"ஆமாண்ணா. சும்மா பழகறதுக்கு..."

"அந்த சொக்கா நீலக் கலரு. அத்த ஏன் வுட்ட?"

சித்தப்பா விழித்தார். "தாளத்துல ஒக்காரலண்ணா."

"ஒக்காரும். பாடு, பாக்கலாம்."

சித்தப்பா ட்ரம்மை எடுத்துவந்தார். நீலம் தாளத்தில் உட்கார்ந்தது. சாவுக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள், மாமா ஒருவர் ஆடினார். அத்தைக்கு மட்டும் சித்தப்பாமேல் மனத்தாங்கல்.

"ஒன்ன இடுப்புல தூக்கிகினு சுத்துனது நானு. என் பேரு எங்கடா?"

"நீ பூட்டா பாடறேன்க்கா."

"இப்பவே பாடுடா, பேமானி. அப்ப எனுக்குக் காது கேக்குமா?"

அவருக்கும் இரண்டு வரி கட்டப்பட்டது. அம்மா வாங்கிவந்த மீன் போதாமல் இன்னொரு முறை மார்க்கெட்டுக்கு ஓடினாள். சித்தப்பாவின் பெட்டியைப் பற்றி அப்பா அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். பாட்டுக்கு நடுவில் அப்பா மூன்று முறை எழுந்துபோய் முகம் கழுவினார். ஒவ்வொரு முறையும் கண் இன்னும் சிவந்து வந்தது. அம்மாவைக் கேட்டேன். சோப்பு கண்ணில் பட்டிருக்கும் என்றாள்.

நேரே குளியலறைக்குப் போய், அந்தச் சோப்பை எடுத்து, ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன்.