நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தந்தி

தந்தி கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு: கல்யாண வாழ்த்து அனுப்ப வருகிறவர்கூட எங்கள் முகத்தைப் பார்த்ததும் துக்கம் விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். எந்தக் கவுண்டரிலாவது உட்கார்ந்து அவதிப்பட்டவர் என்றால் உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலாக்கா டவுனில் நான் பட்ட பாடு இது.

பெயர்க் காரணம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து மேலதிகாரி எங்களுக்கு வகுப்பெடுப்பார். 'டெலிகிராஃப்' என்பது கிரேக்கச் சொற்களிலிருந்து வந்ததாம். 'டெலி' என்றால் தொலைவு, 'கிராஃப்' என்றால் எழுத்து. மின்சாரக் கம்பி வருவதற்கு முன்பே, பிரான்சில் கோபுரத்துக்குக் கோபுரம் மரக்கையை ஆட்டிச் சேதி சொன்ன கருவிக்கு வைத்த பெயராம். நமக்கோ கம்பிதான் தந்தி. அதை எழுதுவதுமில்லை, அடிக்கிறோம். மலாய்க்காரர்களும் 'பூக்குல்', அதாவது 'அடி' என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. பக்கத்துக் கவுண்டர் சரோஜா அக்கா மட்டும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்: "கோபுரத்துல நின்னு கையை ஆட்டுனவனுக்கு ஓவர்டைம் உண்டா சார்?"

தடவியது எங்கே?

ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெருமாள் அண்ணன் வந்தார். மகள் வள்ளியின் கல்யாணத் தேதியை மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று முன்னால் தள்ளிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் அக்கா மாரியாயி வந்து நலங்கு வைக்காமல் மகளை மணவறைக்கு அனுப்ப மாட்டேன் என்பது அவர் பிடிவாதம். அக்கா பாஸ்போர்ட்டோடு தயார். தேதி தெரிந்தால் போதும். ஆனால் கடிதம் போய்ச் சேர்வதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

அக்கா வீட்டுக்கு இதற்கு முன் போன ஒரே தந்தி, அப்பா செத்த தந்தி. இன்னொன்றைக் கண்டால் பிரிக்காமலே ஒப்பாரி வைத்துவிடுவார் என்று பயந்து, நான் கொடுத்த படிவத்தின் நான்கு மூலையிலும் பெருமாள் அண்ணன் மஞ்சள் தடவிவிட்டார். அண்ணே, காகிதம் இங்கேயே இருக்கும், எழுத்து மட்டும்தான் போகும் என்றேன். டெலிகிராஃபுக்கு அர்த்தமே அதுதான் என்று, கற்ற வித்தையையும் காட்டினேன்.

அவர் மஞ்சள் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "எழுத்து அவ்ளோ தூரம் போவுதுன்னா, அதுகூட இருக்கிற மஞ்சள் மட்டும் ஏம்மா எறங்கி நின்னுடப் போவுது?"

மளிகைச் சரக்கு

கடைசியில் ஒரு சமரசம். மஞ்சளையும் எழுத்தாக்கி அனுப்புவது. வார்த்தைக்கு வார்த்தை காசு என்று சொல்லியும், ஒரு மூலைக்கு ஒன்று வீதம் வேண்டுமென்று அவர் அசையவில்லை. ஆகவே, 'மஞ்சள் மஞ்சள், வள்ளி கல்யாணம்' என்று ஆரம்பித்து, தேதியைச் சொல்லி, 'உடனே வா, மஞ்சள் மஞ்சள்' என்று முடித்து, ஆங்கில எழுத்தில் அடித்தோம்.

இது ஏதோ ரகசியக் குறியீடாக இருக்குமோ என்று மேலதிகாரி அதை மூன்று தடவை படித்தார். அப்புறம் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார். "பொண்ணைக் கட்டிக் குடுக்கிறாரா, மளிகைக் கடை திறக்கிறாரா?"

அடித்தவள்

பதில் வரவே இல்லை. பெருமாள் அண்ணன் தினமும் வந்து என் கவுண்டர் முன்னால் நின்றார். வார்த்தையைக் கூட்டிக் குழப்பிவிட்டோமோ என்று நான் அந்தப் படிவத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாரியாயி அக்காவே நேரில் வந்து நின்றார். தந்தி அடித்தவளைப் பார்த்தே தீரவேண்டும் என்று தம்பியை இழுத்து வந்திருந்தார். ஊரில் தபால்காரர் வாசலில் நின்று 'தந்தி' என்றதுமே அக்கா விழுந்து அழுதாராம். தெருவே கூடிவிட்டது. தபால்காரர் தொண்டை கிழிய 'மஞ்சள் மஞ்சள்' என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. தம்பி போய்விட்டான் என்று தலையும் முழுகியாகிவிட்டது. ஈரத்தலையோடு உட்கார்ந்தபோதுதான் யாரோ முழுசாகப் படித்துச் சொன்னார்களாம்.

சொல்லும்போதே அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். தம்பியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மஞ்சள் நாலு போட்டியே பொண்ணு, இவன் உசுரோட இருக்கான்னு ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா?"

பிரிக்காமலே தந்தியைப் படித்து அழுது தலையும் முழுகிவிடும் ஜனங்களுக்குத்தான் நாங்கள் இத்தனை காலம் வார்த்தையைச் சுருக்கிச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தோம்.