ரெண்டு விரல் மாஸ்டர் வாங்கிய சைக்கிள்

எங்கள் தையற்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. துணி வெட்டும் மேஜை அவருடையது என்பதால் முகத்துக்கு நேரே ‘மாஸ்டர்’. முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டு விரல்’. முதுகுக்குப் பின்னால் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். அவர் காதில் நன்றாக விழும்படிதான் சொல்லுவோம்.

நாங்கள் தைப்பது பள்ளிச் சீருடை மட்டும். கால்சட்டை, பாவாடை, கவுன், கோட்டு. அவர் வெட்டுவார், நான் தைப்பேன். பதினோரு வருடமாக இதே கதை. எந்தப் பிள்ளை வந்தாலும் மாஸ்டர் முட்டி போட்டு உட்கார்ந்து அளவெடுப்பார். இடுப்பு, கால் நீளம், தொடையிடுக்கிலிருந்து பாதம்வரை உள்கால் நீளம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். அதோடு விட்டாரா? வெட்டும்போது, சாக்குக்கட்டியால் போட்ட கோட்டுக்குக் கீழே இடது கையின் இரண்டு விரல்களை வைத்து இன்னொரு கோடு போடுவார். கத்தரி ஓடுவது அந்த இரண்டாவது கோட்டில்தான்.

“வளர்ற புள்ளக்கா” என்பார். எட்டாவது படிக்கும் பையனுக்கும் அதே பதில். அவர் வெட்டினால் எழுபது வயதுக்காரரும் வளர்ற புள்ளதான்.

இதற்கு ஒரு காரணம் உண்டு, அவரே ஒருமுறை டீ குடிக்கும்போது சொன்னார். சின்ன வயதில் அவர் திடீரென்று வளர்ந்துவிட்டாராம். வீட்டில் நாலு பிள்ளைகள், புதுத்துணிக்கு வழியில்லை. கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டையோடு இரண்டு வருடம் பள்ளிக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் ‘கொக்கு’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். “நம்ம கையால தைக்கிற எந்தப் புள்ளைக்கும் அந்தப் பேரு வரக்கூடாதுக்கா” என்றார். அன்றைக்கு மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் முதல் மறுபடியும் செய்தேன்.

ஆனால் மனுஷன் அந்த இரண்டு விரலை வேலையோடு விட்டாரா என்றால், இல்லை. அவர் கல்யாண மோதிரம் நூல் சுற்றித்தான் விரலில் நிற்கிறது. நாற்பதைத் தாண்டி ஒரு பெண் குழந்தை பிறந்தபோது அவர் வாங்கிய தொட்டிலில் இரட்டைப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாவையும் படுக்க வைக்கலாம். அதன் நடுவில் அந்தக் குழந்தை பட்டாணி மாதிரிக் கிடந்தது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லப்போய், பட்டாணி என்பதே அவளுக்குச் செல்லப்பெயராகிவிட்டது.

பட்டாணிக்கு மூன்று வயது முடிந்தது. பேச்சில் என்னையே மடக்குவாள். ஆனால் நடை மட்டும் வரவில்லை. வரவில்லை என்றால் அடியோடு வரவில்லை என்றில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், மேஜையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கையை விட்டால் இரண்டாவது அடியில் தடுக்கி விழுவாள். அப்புறம் “தூக்குப்பா”தான். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எலும்புல ஒண்ணுமில்ல, நரம்புல ஒண்ணுமில்ல, பயம்தான்” என்றார்.

அந்தப் பயத்துக்கு இப்போது கெடு வந்திருந்தது. தெருமுனையில் இருக்கும் மழலையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது, அங்கிருந்த டீச்சர் பளிச்சென்று சொல்லிவிட்டார். “முப்பது புள்ளைங்களுக்கு நாங்க ரெண்டு பேருதான் சார். தூக்கிக்கிட்டே இருக்க முடியாது. ரெண்டு மாசம் டைம் இருக்கு. தானா நடந்து உள்ள வரட்டும், சேர்த்துக்கறோம். இல்லன்னா அடுத்த வருஷம் பாப்போம்.”

அடுத்த வருஷம் என்ற சொல் மற்ற எதற்காவது வந்திருந்தால் மாஸ்டருக்கு வெல்லமாக இனித்திருக்கும். அன்றைக்கு இடிந்துபோய் வந்து உட்கார்ந்தார். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போக, மகள் மட்டும் ஜன்னலில் நின்று பார்ப்பாளே என்பதுதான் அவர் கவலை. டாக்டர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். பெடல் இல்லாத குட்டி சைக்கிள் ஒன்று வாங்குங்கள், பிள்ளை அதில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை உந்திக்கொண்டு போகும், கால் தரையிலேயே இருப்பதால் தைரியம் வரும் என்று.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்குச் சைக்கிள் வாங்கக் கிளம்பிய அன்று விடுப்பு இல்லை. போனில் என்னிடம், “அக்கா, இவரைத் தனியா கடைக்கு விடாதீங்க. யானைக்குட்டிக்கு வாங்கிட்டு வந்துடுவார்” என்றாள். போனேன்.

சைக்கிள் கடையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கையெல்லாம் சங்கிலி மசகு. எடுத்த எடுப்பில் வயதைக் கேட்கவில்லை. “பாப்பாவோட உள்கால் அளவு எவ்வளவு சார்?” என்றாள்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகளின் உள்காலை அளக்கும் மனுஷனுக்குத் தன் பிள்ளையின் அளவு தெரியவில்லை! ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவர், ஊரார் பிள்ளையை அளந்தால் தன் பிள்ளை தானே அளந்துகொள்ளும் என்று இருந்துவிட்டார். பட்டாணிக்கு எல்லாமே கண்ணளவு, அதற்கு மேல் இரண்டு விரல்.

“ஒரு… பதினாலரை இஞ்சு வச்சுக்கோம்மா” என்றார்.

“வச்சுக்கறதுக்கு இது கவுன் இல்ல சார்” என்றாள் அந்தப் பெண். “ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும். முட்டி லேசா மடங்கணும். சீட்டு உள்கால் அளவைவிட ஒரு இஞ்சு கீழ இருக்கணும். இன்னைக்கு அளவு என்னவோ அதுக்குத்தான் வாங்கணும். பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்களேன்?”

தங்கமான யோசனை. மாஸ்டர் தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, மூலையில் நின்ற பெரிய சிவப்பு சைக்கிளிடம் போனார். அதன் சீட்டை அடிவரை இறக்கினாலும் பதினாலு இஞ்சுக்குக் குறையாது.

“மாஸ்டர், அந்தப் பொண்ணு சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சுக்கா. ஆனா அந்தச் சின்னதுல ஆறு மாசம்கூட ஓட்ட மாட்டா. வளர்ற புள்ள.”

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். என் வாய்க்குப் பயந்து வாடிக்கையாளர்களே விலகிப் போவார்கள், அன்றைக்கென்று பார்த்து பேசாமல் வந்துவிட்டேன். அதற்கு இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருப்பின் முற்றத்தில் பட்டாணியைச் சிவப்பு சைக்கிளில் ஏற்றினார்கள். நானும் இருந்தேன். அவள் ஷூ நுனி மட்டும் தரையைத் தொட்டது. முகம் வெளுத்தது. மாஸ்டர் பிடியைத் தளர்த்திய அடுத்த நொடி சைக்கிள் சாய்ந்து, அவள் முழங்கை சிமெண்டில் உரசியது. அழுகை அடங்க அரைமணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு சைக்கிள் கதவுக்குப் பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. போர்வை போர்த்தச் சொன்னதே பட்டாணிதான். முன்பு சுவரைப் பிடித்தாவது நடந்தவள், இப்போது அது நின்ற அறைக்குள் போகவே தூக்கச் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் மூன்று வாரம் போயிற்று. மாஸ்டர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் ஒரு கோட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

“டேப்பை எடுத்துக்கிட்டு கிளம்புங்க” என்றேன். “இப்பவே உங்க வீட்டுக்குப் போறோம். ஊர்ப்புள்ளைக்கு எடுக்கிற மாதிரி உங்க புள்ளைக்கு அளவெடுங்க. நான் எழுதறேன்.”

வீட்டில் பட்டாணி தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள், தடுக்கினால் விரலில் அடிபடக் கூடாது என்று வீட்டுக்குள்ளும் ஷூவோடு. மாஸ்டர் வழக்கம்போல முட்டி போட்டார். “பாப்பா, செருப்பு ஷூ எல்லாம் கழட்டிட்டு நேரா நிக்கணும். நெளியக் கூடாது” என்றார். இதை வேலையிடத்தில் எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரல். ஷூவைக் கழற்றினார். நீளமாக இருந்த கவுனை முழங்காலுக்கு மேலே சுருட்டிச் செருகினார். அவள் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

“உள்கால்… பதினஞ்சு.”

“மாஸ்டர், டேப்பைப் பாத்து சொல்லுங்க.”

டேப்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “பதிமூணே கால்” என்றார்.

எழுதினேன். அவர் டேப்பைச் சுருட்டப் போனபோது அதன் முனையைப் பட்டாணி பிடித்துக்கொண்டாள். “பெரியம்மாவையும் அளக்கணும்!” என்று அதை இழுத்தபடி என்னிடம் வந்தாள். வெறுங்காலோடு, சுவரைப் பிடிக்காமல், ஆறு அடி. என் மடியில் வந்து மோதிய பிறகுதான் எங்களுக்கு என்ன நடந்தது என்றே உறைத்தது.

மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய ஒரு ஷூ. அதைக் கவிழ்த்தார். முன்புறத்திலிருந்து உருண்டையாக வெள்ளைப் பஞ்சு விழுந்தது. கோட்டின் தோள்பட்டையில் வைக்கும் பஞ்சு. அவர் வாங்கிய பெரிய ஷூ கழலாமல் இருக்கட்டும் என்று நான்தான் வேலையிடத்திலிருந்து கொடுத்தனுப்பினேன். அந்தக் கவுனைத் தைத்ததும் நான்தானே? விளிம்பு தரையைக் கூட்டும் அளவுக்கு நீளமாக அவர் வெட்டித் தந்தார், நானும் சிரித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தேன்.

“அக்கா, அவ பயந்தாங்கொள்ளி இல்லக்கா” என்றார். “இத்தனை நாளா நான் அவளுக்கு அடுத்த வருஷத்துத் துணிய மாட்டி விட்டிருக்கேன். இந்த வருஷம் அவ எப்படி நடப்பா?”

எனக்கு அழுகை வந்தது. வராதா பின்னே?

மறுநாள் பட்டாணியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் சிவப்பு சைக்கிளின் கைப்பிடியில் இருந்த கீறலைப் பார்த்தாள், பட்டாணியின் முழங்கையில் இருந்த கீறலையும் பார்த்தாள். “சரி, மாத்திக்கோங்க” என்றாள். அன்றைக்கு மாஸ்டரைப் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் டேப், காதில் பென்சில். ஒவ்வொரு சீட்டையும் தரையிலிருந்து அளந்தார். ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார். “விழுந்தா அவளே நிமித்தணும்ல?” என்றார். கைப்பிடி பட்டாணியின் கைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தார். கடைசியில் ஒரு நீலச் சைக்கிள், சீட்டு பன்னிரண்டே கால். பட்டாணி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்தன. எதையும் பிடிக்காமல் உட்கார்ந்தபடி, “அப்பா, இது சின்ன சைக்கிள்” என்றாள்.

“ஆமாண்டா செல்லம். உன் சைக்கிள்.”

பிறகு ஷூ கடை. முன்னால் பெருவிரல் அகலம் இடம் விடலாம் என்று கடைக்காரர் சொன்னதும் மாஸ்டர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. “ஒரு விரல் உண்டா!” என்றார். நான் முறைத்தேன்.

முதல் வாரம் அவள் சீட்டில் உட்காரவே இல்லை. சைக்கிளை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான். மாஸ்டருக்குப் பொறுமை போயிற்று. “இதுக்கு எதுக்குடா சைக்கிள்?” என்றவரை அவர் மனைவி ஒரு பார்வையில் அடக்கினாள். இரண்டாவது வாரம் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் இரண்டு காலையும் ஒரு கணம் தூக்கினாள். பின்னால் கவுனின் காலரைப் பிடித்தபடி மாஸ்டர் ஓடிக்கொண்டிருந்தார்.

“விடுப்பா” என்றாள்.

“விட்டா விழுவடா.”

“கால் இருக்குல்ல?”

விட்டார். முற்றத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போய், காலாலேயே பிரேக் போட்டு நின்றாள்.

பட்டாணியின் பள்ளிச் சீருடைக் கவுனை மாஸ்டர் வெட்டி என் மேஜையில் வைத்தார். பழக்கதோஷத்தில் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அந்த இரண்டு விரல் இல்லை. சாக்குக்கோடு ஒன்றே ஒன்று.

“என்ன மாஸ்டர், மூணு மாசத்துல குட்டையாயிடுமே?”

“ஆகட்டும்க்கா. ஆனா இன்னொண்ணு வெட்டறேன். எனக்கு வேற என்ன வேலை?”

மற்ற பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு விரல் விடுகிறார். வீட்டுக்கு வீடு நிலைமை வேறு, அது அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நீளத்தை உள்ளே மடித்து அடிக்கச் சொல்கிறார். போட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் பத்தடி நடக்கவிட்டு, “தடுக்குதா கண்ணு?” என்று கேட்கிறார்.

பள்ளி திறந்த நாளில் நானும் போனேன், வேலைக்கு அரைமணி தாமதம் என்று சொல்லிவிட்டு. பட்டாணி வாசல்வரை நீலச் சைக்கிளில் வந்தாள். டீச்சர் கதவருகே நின்றிருந்தார். அவளைத் தூக்குவதற்கு மாஸ்டரின் கை தானாக நீண்டது. அவள் அந்தக் கையில் சைக்கிளைக் கொடுத்தாள். கவுன் முழங்காலுக்குச் சரியாக நின்றது. வாசற்படியில் ஏறினாள், டீச்சரைத் தாண்டினாள், உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் அந்தக் குட்டி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முதுகு வளைய நின்றார்.

“திரும்பிப் பாக்கலையேக்கா” என்றார்.

“பாக்கல மாஸ்டர்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.