மரை எடுத்த துப்பாக்கி

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்குகிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவார்கள். "அடேயப்பா, பட்டாளத்து ரைபிளா!" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரைபிளாம் ரைபிள்! அது இப்போது வெறும் இரும்புக் குழாய். ஊதாங்குழலாவது அடுப்பு பற்றவைக்க உதவும். அதை இந்தக் கதிக்கு ஆளாக்கியது யார் என்று கேட்டால் முதலில் சர்க்காரைத் திட்டுவேன், அப்புறம் என் அண்ணனைத் திட்டுவேன். மூன்றாவது ஆளிடம் வரும்போது காப்பி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே மாற்றப்போவதில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் அதை வாங்கினேன். குளத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கடலைக் கொல்லை உண்டு. பன்றிகள் வந்து கிண்டிவிட்டுப் போகும் என்பதால், பயிர்க்காவலுக்கென்று அப்பா காலத்திலிருந்தே துப்பாக்கி லைசன்ஸ் இருந்தது. சமஸ்தானத்துச் சிப்பாய்கள் வைத்திருந்த பழைய ரைபிள்களில் சில, லைசன்ஸ் உள்ளவர்களுக்கு விலைக்கு வந்தன. நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதன் வயது என் அப்பாவின் வயதைவிட அதிகம். கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அதை இறக்கினால் மேலே வாய் திறக்கும். ஒரே ஒரு தோட்டாவை வைத்து மூட வேண்டும். சுட்டு முடித்தால் மறுபடி இறக்கி, மறுபடி ஒன்று. அதன் மரக்கட்டையில் யாரோ ஒரு சிப்பாய் ஆணியால் சின்னதாக ஒரு வேல் கீறி வைத்திருந்தான்.

அதன் உயிர் குழாய்க்குள்ளே இருந்தது. திருகாணிக்கு மரை இருக்கிறதல்லவா, அதுபோலக் குழாயின் உட்புறத்தில் ஏழு வரிகள் சுற்றிக்கொண்டே போகும். குண்டு அந்த மரையில் சுழன்று வெளியே வருவதால்தான் நேராகப் போகிறது. மரை இல்லாவிட்டால் குண்டு குடிகாரன் மாதிரி எங்கிட்டாவது போகும். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அந்த ஏழு வரியும் பளபளவென்று சுழன்று கண்ணை உள்ளே இழுக்கும். பிற்பாடு இதற்கு உத்தரவு போட்ட ஆபீசில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட ஒரு தடவையாவது அப்படிப் பார்த்திருக்கமாட்டார் என்று பந்தயம் கட்டுவேன்.

பன்றி சுட்டது ரொம்பக் குறைவு. எனக்குப் பிடித்தது குறி பார்த்துச் சுடுவது. கண்மாய் வற்றியதும் காலையில் உள்ளே இறங்கி, கரையை ஒட்டிக் குச்சி நட்டு, அதன் தலையில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிட்டு, எண்பது தப்படி தள்ளி வந்து சுடுவேன். தவறினாலும் குண்டு கரை மண்ணுக்குள் போய்ப் புதையும். பெரும்பாலும் தவறத்தான் செய்தது. குச்சி நடுவதற்குக் கூட வந்த என் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, சுடுறப்ப ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டா எப்புடிங்க தெரியும்?" என்றாள்.

"நீ வந்து சுடு பாப்பம்" என்று எரிந்து விழுந்தேன்.

வந்தாள். சேலைத் தலைப்பைத் தோளில் மடித்து வைத்துக்கொண்டு, கட்டையை அதன்மேல் அழுத்தி, அவசரமே இல்லாமல் சுட்டாள். முதல் குண்டு மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது கொட்டாங்கச்சியைச் சில்லுச் சில்லாக்கியது. எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் அவளோடு பேசவில்லை. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் கோடைக் காலைகள் எங்களுக்கு அப்படித்தான் போயின. ஈயத்தை இரும்புக் கரண்டியில் உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு செய்வது அவள் வேலை. நான் ஊற்றினால் குண்டில் ஓட்டை விழும். சுட்டு முடித்து வீட்டுக்கு வந்ததும் குழாய்க்குள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கரியைக் கழுவி, துணி விட்டுத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுவதும் அவள்தான். கடைசியில் முற்றத்து வெளிச்சத்தில் ஒரு தடவை உள்ளே பார்ப்பாள். "ஏழும் இருக்கு" என்பாள். எங்கே போய்விடப்போகிறது என்று கேலி செய்வேன். குழந்தை இல்லாத வீடு என்று ஊரார் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அந்தக் காலைகளில் எங்களைப் பார்த்திருந்தால் வயிறு எரிந்திருப்பார்கள்.

வயிறு எரிந்தவர் ஒருவர் இருந்தார், என் அண்ணன். ஒரே வீட்டின் மறுபாதியில் அவர் குடும்பம். அவருக்குத் துப்பாக்கி என்றால் கௌரவம். அது பொதுக் கூடத்தில் தொங்க வேண்டும், சம்பந்திகள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் எங்கள் அறையில் வைத்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. தம்பி பெண்டாட்டி துப்பாக்கி பிடிப்பது அதைவிடப் பொறுக்கவில்லை. ஒரு ஆயுத பூஜைக்கு நான் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்துப்போய்ச் சந்தனம் குங்குமம் பூசி, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழ மூடி ஒன்றைக் குழாயின் வாய்க்குள் செருகிவிட்டார்! அரிவாளுக்கும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை மரத்துக்கும் செய்வதை அதற்கும் செய்தாராம். இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எலுமிச்சைச் சாறு இரும்பை என்ன பாடு படுத்தும் என்று அவருக்கு யார் சொல்வது? அப்படியே சுட்டிருந்தால் குழாய் வெடித்து எங்கள் முகம் போயிருக்கும். நான் முற்றத்தில் நின்று கத்திய கத்தலுக்குத் தெருவே கூடியது. "சாமி காரியத்துக்குப் போயி ஏன்டா குதிக்கிற?" என்று அண்ணன் என்னையே குற்றவாளியாக்கினார். என் மனைவி அரை நாள் உட்கார்ந்து அந்தத் துருவை எடுத்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுச் சட்டம் வந்ததென்று ஒரு நோட்டீஸ் வந்தது. என் ரைபிளின் குழாய் பட்டாள அளவாம். அதைத் தனி மனிதர்கள் வைத்திருக்கக் கூடாதாம். ஒன்று சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இல்லையென்றால் குழாயைக் கடைந்து உள்ளே இருக்கும் மரையை எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். எண்பது வருஷத்துக் கிழட்டு ரைபிளை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்? இந்தச் சட்டத்தை எழுதியவனைக் கண்மாய்க்குள் கொண்டுவந்து நிறுத்தி, இந்தக் கொட்டாங்கச்சியைச் சுடு பார்ப்போம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

என் மனைவி நோட்டீஸை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். ரொம்ப நேரம் யோசிக்கவும் இல்லை.

"குடுத்துருவோங்க. கண்ணைத் தோண்டிட்டு வீட்டுல வச்சிக்கிறதுக்கு, முழுசாவே குடுத்துட்டு வந்துருங்க."

"சரி. குடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"நெசமாத்தானே?"

"நெசமாத்தான்."

கடைசியாக ஒரு தடவை சுடுகிறாயா என்று கேட்டேன். கடைசி என்று தெரிந்து சுட்டால் கை நடுங்கும், வேண்டாம் என்றாள். நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவி, தன் பழைய நூல்சேலையில் சுற்றிக் கொடுத்தாள்.

அண்ணன் கூடவே கிளம்பி வந்துவிட்டார். ஆபீஸ் வராந்தாவில் ஏழெட்டுப் பேர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஒப்படைப்பா, மரை எடுப்பா?" என்று கேட்டார். கோழியை உரிக்கவா, வாட்டவா என்று கேட்கிற மாதிரி. எல்லோரும் மரை எடுப்பு என்றே சொன்னார்கள். நான் ஒப்படைப்பு என்றேன்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சார், ஒப்படைச்சா ஒங்களுக்கு என்ன மிஞ்சும்? எங்கிட்டாவது குப்பையாப் போட்டு ஒடைப்பாங்க. அதுக்கு வீட்டுலயாவது தொங்கும்ல."

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர்போல எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இவன் பொண்டாட்டி குடுத்துட்டு வரச் சொல்லிட்டா. அதான் குடுக்குறான்."

வராந்தாவில் ஒருவர் சிரித்தார். பெரிய சிரிப்புகூட இல்லை, மூக்கால் வந்த சிரிப்பு. அவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. இந்த ஜில்லாவில் எவரை எதிர்த்தும் வாய்ச்சண்டை போடக்கூடிய நான், முன்பின் தெரியாத ஒரு ஆளின் மூக்குச் சிரிப்புக்குப் பயந்து, "மரை எடுப்புன்னே எழுதிக்கங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். துப்பாக்கி பழுது பார்க்கிறவர் சேலையைப் பிரித்து, குழாயை வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "யாருங்க இதைத் தொடைக்கிறது? புதுசு மாதிரி இருக்கு. இதைக் கடையச் சொல்றீங்களே" என்றார். அப்போதுகூட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய் எழுதியதை மாற்றியிருக்கலாம். அண்ணன் பக்கத்தில் நின்றார். நான் கடையுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்கள், முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்று மனைவியிடம் சொன்னேன். அது முதல் பொய். மூன்று வாரம் கழித்து அதே சேலையில் சுற்றிக்கொண்டு வந்தபோது அவள் வாசலுக்கே ஓடி வந்தாள்.

"என்னங்க, திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. ரொம்பப் பழசுன்னு விட்டுட்டாங்க."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "நீங்க சும்மாவா விட்டிருப்பீங்க, சண்டை போட்டிருப்பீங்க" என்றாள். பக்கத்து வீட்டில் போய், எங்க வீட்டுக்காரங்க ஆபீசுலயே பேசி ஜெயிச்சுட்டு வந்திருக்காங்க என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அவள்மீதே கோபம் வந்தது. இப்படியா ஒருத்தி நம்புவாள் என்று.

மறுநாள் காலையில் கண்மாய்க்குப் போனோம். மூன்று குச்சி, மூன்று கொட்டாங்கச்சி. சேலைத் தலைப்பை மடித்துத் தோளில் வைத்தாள். முதல் குண்டு இடது பக்கம் ஒரு கஜம் தள்ளி மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது கரைக்கு மேலேயே போய்விட்டது. மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"காத்து அடிக்குது" என்றேன்.

கரையில் நின்ற கருவேலமரத்தில் ஒரு இலை அசையவில்லை. அவள் மரத்தைப் பார்த்தாள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

"கை நடுங்குதா பாருங்க."

துளிகூட நடுங்கவில்லை. அந்தக் கையை நான் பிடித்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டே, "மூணு வாரம் பழக்கம் விட்டுப்போச்சுல்ல, அதான்" என்றேன்.

"வயசும் ஆகுதுல்ல" என்றாள். வழியில் ஒரு தடவை தூரத்துப் பனைமரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்து, அடுத்த கண்ணாலும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல வெந்நீர் வைத்தாள். இன்றைக்கு நான் கழுவுகிறேன் என்று துப்பாக்கியைக் கேட்டேன். கொடுக்கவில்லை. நான் தொட்டி ஓரத்தில் கால் கழுவப் போனேன். முதுகுக்குப் பின்னால் வெந்நீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, துணி போய்வருகிற சத்தம் கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். நெம்புகோலை இறக்கி, குழாயை முற்றத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தாள். உள்ளே மொழுமொழுவென்று ஒன்றுமில்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த வித்தை எனக்கு நன்றாக வரும். கட்டாயப்படுத்தினார்கள், அண்ணன்தான் காரணம், அந்தக் குமாஸ்தா ஒரு ஈனப்பிறவி என்றெல்லாம் மூன்று வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் துப்பாக்கியைத் துடைத்தாள், எண்ணெய்கூடத் தடவினாள், கூடத்துச் சுவரில் சாத்தி வைத்தாள்.

"பெரியவங்க மாட்டிக்கிறட்டும்" என்றாள். உள்ளே போகப் போனவள் நிலைப்படியில் நின்றாள்.

"கையை நீட்டிக் காட்டுனேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லங்க?"

நான் ஏற்கெனவே கழுவிய காலையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.