சஹானாவின் தாடை

ஸ்பாஞ்சைக் கருநீல வண்ணத்தில் தொட்டு, புறங்கையில் ஒற்றி, அதிகமானதை எடுத்த பிறகுதான் டோரீனின் கைகள் சஹானாவின் முகத்துக்குப் போயின. தாடையில் மெல்ல மெல்ல ஒற்றின. தேய்த்தால் அழுக்குப்போலத் தெரியும். ஒற்றினால்தான் ஒருநாள் தாடி.

அரைமணி முன்னால் இதே கைகள் இதே தாடையில் மிச்சமிருந்த தாடி நிழலை மறைத்திருந்தன. பெங்களூர் காக்ஸ் டவுன் சர்ச் கல்யாணங்களில் பெண் அலங்காரம் செய்து, தப்புப் பண்ணித் திருத்தி, டோரீன் தானாகக் கற்ற வேலை. இந்த டிவி குற்றத் தொடருக்கு மேக்கப் போட வந்து பதினோரு வருஷம். தினமும் காலையில், யார் முகத்துக்கு என்ன நிறம் என்று ஒரு சீட்டு வரும். செத்துப்போகிறவள் ஒரு நம்பர் வெளுப்பு, குற்றவாளி இரண்டு நம்பர் கறுப்பு. ஏன் என்று யாரும் எழுதியதில்லை. அந்தக் கறுப்பு டப்பாவை டோரீன் தன் புறங்கையில் சோதிக்க முடியாது. அவள் நிறமே அதுதான், பூசியதே தெரியாது.

நாற்காலியில் இருந்த சஹானா திருநங்கை. ஈஜிபுராவில் தனியாக ஒரு வீடு கிடைத்து மூன்று மாதம். அங்கே யாருக்கும் அவள் கதை தெரியாது. நேற்று நர்ஸ் வேஷம். டோரீன் போட்ட மேக்கப்பில் எடுத்த படத்தை வீட்டு ஓனரம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். இன்று வந்த வசனத்தாளில் நர்ஸ்தான் கொலைகாரி. போலீஸ் விக்கைப் பிடுங்க, உள்ளே ஆண்.

டோரீன் வழக்கம்போல நிழலை மறைத்து அனுப்பியதும் உதவி இயக்குநர் பிரகாஷ் சஹானாவைத் திரும்ப அழைத்து வந்தான்.

"என்ன மேடம், கல்யாணப் பொண்ணா? மானிட்டர்ல பார்த்து டைரக்டர் சிரிக்கிறாரு. தாடி தெரியணும். கலரையும் ரெண்டு நம்பர் எறக்குங்க."

"அவ பொம்பளைப்பா."

"நமக்குத் தெரியும் மேடம். ஜனங்க கொலைகாரின்னு நம்பணுமில்ல?"

அவன் போனதும் சஹானா கேட்டாள். "அக்கா, வேணாம்னுட்டுப் போயிடவா?"

போன வருஷம் ஒருத்தி அப்படிப் போனாள். பிறகு எந்த செட்டிலும் டோரீன் அவளைப் பார்க்கவில்லை.

"இரு. புருவத்தைத் தடியாக்கி மூக்கை மாத்திடறேன். கன்னத்துல ஒரு மச்சம். உங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

"எங்கம்மா எங்க பாக்கப் போறாங்க? ஓனரம்மாதான் சனிக்கிழமை தெருவையே கூப்பிட்டு வச்சிருக்காங்க. 'நம்ம வீட்டுப் பொண்ணு டிவியில வருது'ன்னு."

மூக்கும் மச்சமும் முடிகிற நேரத்தில் பிரகாஷ் எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த நேற்றைய படத்தைத் தட்டிக் காட்டினான். நர்ஸ் உடையில் சஹானா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கன்டினியூட்டி, மேடம். அதே முகம்தான் வேணும்."

காட்சிக்குக் காட்சி முகம் மாறக்கூடாது என்று பத்து பேருக்காவது டோரீனே பாடம் எடுத்திருக்கிறாள். பஞ்சில் எண்ணெய் நனைத்து மூக்கைத் துடைத்தாள். மச்சம் போனது. புருவம் மெலிந்தது. நேற்றைய சஹானா அப்படியே வந்து நின்றாள். அந்த முகத்தில் கறுப்பை ஏற்றி, எட்டு வருஷமாக லேசரில் சுட்டுச் சுட்டு அகற்றிய தாடியைத் திரும்ப ஒற்ற ஆரம்பித்தாள்.

சஹானா கண்ணாடியைப் பார்த்தாள். தாடையைத் தொடப் போன கை, கலைந்துவிடும் என்று நடுவிலேயே நின்றது.

"எங்கண்ணன் மாதிரியே இருக்கேன், இல்லக்கா?"

"அழாத. வழிஞ்சுதுன்னா மறுபடி போடணும்."

டோரீன் கழுத்துத் துணியை உருவி, தோளில் கிடந்த பவுடரைத் தட்டிவிட்டாள். வாசலில் பிரகாஷ் நின்றிருந்தான்.

"ரெடி, எடுத்துக்கோப்பா," என்றாள்.