சுவரில் முளைத்த சாட்சி

என் சித்தப்பா போன மாதம் இறந்தார். அரசாங்கக் கோப்பில் அவர் கோட்டையை உடைத்த குற்றவாளி.

இருபத்தாறு வருடம் நகராட்சி ஊழியராக அவர் செய்த வேலை, எங்கள் ஊர்க் கோட்டைச் சுவரில் செடி பிடுங்குவது. பறவை எச்சமிட்ட இடுக்கில் ஆலங்கன்று முளைக்கும். சுண்டுவிரல் உயரத்தில் இருக்கும்போதே, கயிற்றில் தொங்கியபடி, வேர்நுனி அறாமல் உருவிவிட வேண்டும். அறுந்தால் மறுபடி துளிர்க்கும். உருவிய பொந்தில் சுண்ணாம்புச் சாந்தை அப்புவார். பீரங்கிக்கு நின்ற சுவர், ஒரு காக்கையின் எச்சத்துக்கு நிற்காது.

பிறகு கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. நீலப் பலகை மாட்டுவதற்காகச் சுவரில் எட்டு ஓட்டை போட்டார்கள். பலகையில், 'சுவரைத் தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. நகராட்சி சித்தப்பாவைச் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றியது. கோட்டை வாசலில் இருந்த பழைய காவல் அறை அலுவலகமாகி, மூன்று நாற்காலிகளும் ஓர் அதிகாரியும் வந்து சேர்ந்தனர். நாற்காலிகள் பயன்பட்டன.

அடுத்த மழைக்குக் கொத்தளத்தில் ஒரு கன்று தலைகாட்டியது. சித்தப்பா அதிகாரியிடம் போனார்.

"ஐயா, அஞ்சு நிமிஷம் விட்டீங்கன்னா பிடுங்கிட்டு வந்துடுறேன்."

"நீ என்ன நிபுணரா?"

"இல்லீங்க, செடி பிடுங்குறவன்."

"நிபுணர் வருவாரு. மனு குடுத்துட்டுப் போ."

நிபுணர் நான்காம் வருடம் வந்தார், குடை பிடிக்க ஓர் ஆளோடு. வேர் அதற்குள் தொடை கனம். 'எடுத்தால் சுவர் விழும், எடுக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் போனார். எடுக்காமலே கொத்தளம் சரிந்தது. காரணம் முதுமை என்றது அறிக்கை.

"சுவருக்கா, எழுதினவருக்கா?" என்றார் சித்தப்பா.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போனார். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கன்று. பழக்கதோஷம், உருவிவிட்டார். காவலாளி பிடித்துக்கொண்டான். சின்னத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. கன்றுதான் சாட்சிப் பொருள். அதிகாரி அதன் கழுத்தில் எண் எழுதிய அட்டையைக் கட்டினார்.

"சாட்சி வாடிடப் போகுதுங்க, தண்ணி ஊத்துங்க" என்றார் சித்தப்பா.

கிண்டல் என்று புரியாமல், ஊற்றச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார். வேர் அறாமல் பிடுங்கியது ஆயிற்றே, பிழைத்துக்கொண்டது.

சித்தப்பா தண்டனைக்குப் பயப்படவில்லை. "கோட்டைய ஒடச்சவன்னு எழுதி வச்சிருக்கானுங்கடா. அத மட்டும் அடிக்கச் சொல்லு" என்று இரண்டு வருடம் என்னை நச்சரித்தார். படித்தவன் என்ற பெருமையோடு ஆறு மனு எழுதினேன். ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை.

நேற்று இறப்புச் சான்றிதழோடு போனேன். அதே அதிகாரி.

"ஆள் போயிட்டாரா? அப்ப கேஸ் முடிஞ்சுது."

"எழுதினத அடிச்சிடுவீங்களா சார்?"

"அதெப்படி? இனிமே விசாரணையே இல்லையே. எழுதினது எழுதினதுதான்." ஜன்னலைக் காட்டினார். "அத வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

உடைந்த தேநீர்க் கோப்பையில், கழுத்தில் அட்டையோடு, முழங்கை உயரம் வளர்ந்திருந்தது கன்று. கோப்பையின் விரிசல் வழியாக இறங்கிய வேர் காவல் அறைச் சுவரின் கல்லிடுக்கில் நுழைந்திருந்தது. விரல்கள் குறுகுறுத்தன.

"சார், சுவர நான் தொடலாமா?"

"கூடாது."

"அப்ப இருக்கட்டும் சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.