சுபியான் விரல் காட்டுவானா?

மருதமுனையில் பெண்களுக்கு அபாயா அங்கி தைத்துக் கொடுக்கும் றுமானாவுக்கு எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. மெஷின் மக்கர் பண்ணினால் கடைக்கு அனுப்ப மாட்டாள். ஆணியைத் திருகி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு அவளுடைய மகன் சுபியான் மட்டும் பிடிபடவில்லை. இரண்டரை வயதாகப் போகிறது, பேச்சில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு அடுத்த தெருவில் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடுவான். காதில் கோளாறில்லை. அப்படியென்றால் வேறு எதில்?

ஊரிடம் பதில் தயாராக இருந்தது. வாப்பாவைப் போலப் பிந்திப் பேசுவான் என்றார்கள் சிலர். போனைக் கொடுத்துக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள் மற்றவர்கள். போன் கொடுக்காத வீடு அந்தத் தெருவிலேயே கிடையாது. மற்றப் பிள்ளைகளெல்லாம் வாய் ஓயாமல் கதைத்தார்கள். ஆனாலும் ஒரு தாயைக் குற்றவாளியாக்க இங்கே எவருக்கும் சாட்சி தேவைப்படுவதில்லை.

அப்போதுதான் நுஸ்ஹா வந்தாள். சாய்ந்தமருதுப் பெண், பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராயும் குழுவொன்றுக்காக வீடு வீடாகப் போகிறவள். வெளிநாட்டில் உருவாக்கித் தமிழாக்கிய கேள்விகளுக்குப் பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு, அந்தப் பதில்களைப் பார்க்காத ஒரு டொக்டர் அதே பிள்ளையைப் பரிசோதிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தக் கேள்விகளை இந்தக் கரையில் நம்பலாம்.

“புள்ளைக்கு வெச்ச சோதின இல்ல ராத்தா,” என்று றுமானாவை அக்கா முறை சொல்லி அழைத்தாள் நுஸ்ஹா. “எங்கட கேள்விக்குத்தான் சோதின.”

றுமானாவுக்கு அது பிடித்துப்போனது.

ஒரு கேள்வி, பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுவானா என்பது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்திருந்த கணவன் ஸஹீத் முந்திக்கொண்டான். தோணி எஞ்சின் திருத்துகிறவன். மகனைப் பற்றி எவர் குறை சொன்னாலும் பொறுக்க மாட்டான். “நல்லாக் காட்டுவான் மிஸ். பாருங்க. மகன், அல்லாஹ் எத்தின?”

விளையாட்டு லொறியின் சில்லைச் சுழற்றிக்கொண்டிருந்த சுபியான் தலை நிமிராமல், இறைவன் ஒருவனே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பழக்குகிறபடி, ஒற்றை விரலை உயர்த்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நுஸ்ஹா ‘ஆம்’ என்று குறித்தாள். கூட்டிப் பார்த்தபோது சுபியான் ஒரேயொரு புள்ளியில் சந்தேகக் கோட்டைத் தொடாமல் தப்பியிருந்தான்.

ஸஹீதுக்கு நிம்மதி. புள்ள பாஸ், பிறகெதற்கு டொக்டர் என்றான். டொக்டரிடம் போன செய்தி ஊருக்குத் தெரிந்தால் பிள்ளைக்கு ஒரு பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயமும் அவனுக்கு இருந்தது. றுமானாவுக்கோ, மெஷின் ஓடுகிறது, தையல் மட்டும் விழவில்லை என்பது போல ஏதோ இடறியது.

மறுநாள் வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சிறுமி அம்ஹா தன் உம்மாவோடு நின்றிருந்தாள். சுபியானின் வயதுதான். கூரையில் உட்கார்ந்த காகத்துக்கு விரலை நீட்டினாள். உடனே திரும்பி, உம்மா பார்த்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். றுமானா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டாள். அந்தத் திரும்பல்! சுபியானிடம் அதை அவள் கண்டதேயில்லை.

ஸஹீத் வீட்டில் இருந்தபோது பிஸ்கட் பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்தாள். சுபியான் விரல் நீட்டவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, குறடு ஒன்றைத் தூக்குவது போல, அலுமாரிப் பக்கம் தள்ளினான். “அல்லாஹ் எத்தின?” என்று கேட்டாள். விரல் உயர்ந்தது.

“அவன் நமக்கு ஒண்டும் காட்டல்ல மச்சான். படிச்சுக் குடுத்ததச் செய்யிறான்.”

“அப்ப நான் பொய்யா சென்ன?”

“நீங்க உண்மையத்தான் சென்ன. அந்தக் கேள்விக்குத்தான் நம்மட ஊரத் தெரியா.”

ஸஹீத் பெட்டியை இறக்கி, மறுபடி மேலே வைத்து, தானும் ஒருமுறை செய்து பார்த்தான். சுபியான் அவனுடைய மணிக்கட்டையும் அப்படியே பிடித்துத் தள்ளினான்.

றுமானா நுஸ்ஹாவுக்குப் போன் எடுத்து, பதிலை மாற்றச் சொன்னாள். நுஸ்ஹாவின் தங்கையுடைய பிள்ளையும் அந்தக் கேள்விக்கு அப்படித்தான் விரல் உயர்த்துமாம்; அதனால்தான் தானும் சிரித்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். ஆனால் பதிலை மாற்ற முடியாதாம். திருத்தினால் டொக்டரின் முடிவோடு ஒத்துப்போய், கேள்வி சரியானதாகத் தெரியும். அடுத்த வீட்டிலும் அதே பிழை நடக்கும்.

“ஒங்கட கேள்வி திருந்திறத்துக்கு என்ட புள்ள விடுபட்டுப் போகணுமா?”

“இல்ல ராத்தா. நீங்க செல்லுறதத் தனியா எழுதி வெக்கிறன். ஆனா புள்ளையக் கட்டாயம் கூட்டி வாங்க. டொக்டர் பாக்காட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாமப் போயிரும்.”

கல்முனைக்கு ஸஹீத்தான் இருவரையும் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனான். டொக்டர் கதிரையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, சோப்புக் குமிழ் ஊதினார். நிறுத்தினார். சுபியான் என்ன செய்கிறான் என்று வெகுநேரம் பார்த்தார். ஓட்டிசத்தின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிகின்றன என்றார். போனா காரணம் என்று ஸஹீத் மெல்லக் கேட்டான். போனும் இல்லை, தாயும் இல்லை என்றார் அவர். பிறவியிலேயே மூளை வளரும் விதம் அது, சின்ன வயதில் பயிற்சியைத் தொடங்கினால் நிறையக் கற்றுக்கொள்வான்.

ஆனால் பயிற்சி கொடுக்கிறவர் ஒருவர்தான். இடம் கிடைக்க மாதக்கணக்காகும். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஒருவரை வைத்துவிட்டு, பிந்தி வந்தீர்கள் என்று தாய்மாரைக் கடிந்துகொள்ளும் நாடு இது. ஸஹீதின் முகம் கறுத்தது.

றுமானா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டொக்டருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“இடம் கெடைக்கிற வரைக்கும் வீட்டில நான் செய்யிறன். இப்பவே பழக்கித் தாங்க,” என்று குமிழ்ப் போத்தலுக்குக் கை நீட்டினாள்.