எண்ணூர் கடற்கரையில் டைகருக்கு வேலை

எண்ணூர் கடற்கரைக்கு நாயோடு போகலாம் என்று இணையத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டைகரை மடியில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறேன்.

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால், மணலில் விரித்த வலையில் நெத்திலி காய்கிறது. கழியால் காக்கை ஓட்டிக்கொண்டிருக்கும் அக்காவிடம், நாய் வரலாமா என்று கேட்கிறேன்.

"இன்னா, இங்க டிக்கெட்டா கிழிக்கிறாங்கோ? மீன் துண்ணுமா அது?"

"தயிர்சோறு மட்டும்தான்க்கா."

அவர் நம்பவில்லை. ஒரு நெத்திலியை டைகரின் மூக்கருகே நீட்டுகிறார். டைகர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"இங்க கீற நாயிங்கோ காக்காவ தொரத்திட்டு, மீன அதுங்களே துண்ணுதுங்கோ. இத அவுத்து வுடும்மா. காலைலேர்ந்து நான் டீ கூட குடிக்கல."

அவிழ்க்கிறேன். டைகர் வலையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. காக்கைகள் படகுக்கு மேல் போய் உட்காருகின்றன. அக்கா டீ குடித்துவிட்டு வந்து வலையைப் பார்க்கிறார். மீன் குறையவில்லை.

"நாளைலேர்ந்து ஆறு மணிக்கு இட்டுகினு வந்துடு."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஏழாவது நேர்காணலின் முடிவுக்காகக் காத்திருக்கிறேன். டைகருக்கு முதல் நேர்காணலிலேயே கிடைத்துவிட்டது.